லினக்ஸில் ஹார்ட் டிஸ்க் டிரைவரை மறுபடி நிறுவ முடியுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உபுண்டு 22.04 ஓடும் மேசைக் கணினி. அதில் ஆறு வருடம் பழைய 2 டிபி சாட்டா ஹார்ட் டிஸ்க். பெரிய ஃபைல்களைக் காப்பி செய்யும்போது அரை நிமிடம் அப்படியே உறைந்து நிற்கிறது. சில நாட்களில் அந்த டிஸ்க் முழுவதும் ‘ரீட் ஒன்லி’ (படிக்க மட்டும் முடியும், எழுத முடியாது) ஆகிவிடுகிறது. லாகில் (கணினி தன் நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் பதிவேட்டில்) ‘ஃபெயில்ட் கமாண்ட்: ரீட் எஃப்பிடிஎம்ஏ க்யூட்’, ‘ஹார்ட் ரீசெட்டிங் லிங்க்’ என்ற இரண்டு வரிகள் திரும்பத் திரும்ப வருகின்றன. கடையில் காட்டினால், ‘டிரைவர் கரப்ட் ஆகிவிட்டது, எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஓஎஸ் போட வேண்டும்’ என்கிறார்கள். அழிக்காமல் டிரைவரை மட்டும் மறுபடி நிறுவ வழி உண்டா என்று கேட்கிறீர்கள். ஆனால் நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது, கோளாறு எங்கே இருக்கிறது, பத்து வருடப் படங்கள் தப்புமா என்பதுதான் என்று நினைக்கிறேன். பதினைந்து வருடத்துக்கு மேலாக லினக்ஸ் சர்வர்களைப் பராமரித்து வருகிறவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

படங்களில் இருந்து தொடங்குவோம். இதைப் படித்து முடிக்கும் முன்பே, அந்த டிஸ்க்கில் வேறு எங்கும் பிரதி இல்லாதவற்றை இன்னொரு டிஸ்க்குக்கு மாற்றத் தொடங்குங்கள். டிஸ்க்கை எழுத முடியாத நிலையில் மவுன்ட் செய்து (கணினியோடு இணைத்துத் திறந்து), முக்கியமான ஃபோல்டர்களை முதலில் எடுங்கள். காப்பி நடுவில் ‘இன்புட் அவுட்புட் எரர்’ என்று நின்றால் மேற்கொண்டு முட்டி மோத வேண்டாம். குனு டிடிரெஸ்க்யூ என்ற கருவியைப் பயன்படுத்துங்கள். உபுண்டுவில் அதன் பேக்கேஜ் பெயர் முன்னால் ஒரு ‘ஜி’ சேர்ந்து ஜிடிடிரெஸ்க்யூ என்று இருக்கும். அது நல்ல பகுதிகளை முதலில் வேகமாக எடுத்துவிட்டு, அடம்பிடிக்கும் இடங்களைக் கடைசியில் போய்த் தட்டிப் பார்க்கும். எது முடிந்தது, எது பாக்கி என்று ஒரு மேப் ஃபைலில் குறித்து வைத்துக்கொள்வதால், நடுவில் கரன்ட் போனாலும் விட்ட இடத்தில் இருந்து தொடரலாம். பலர் பதற்றத்தில் முதலில் ஓட்டுவது எஃப்எஸ்சிகே. தயவுசெய்து அதை இப்போது ஓட்டாதீர்கள். அது ஃபைல் சிஸ்டத்தைச் சரிசெய்ய டிஸ்க்கில் எழுதும் கருவி. சாகக் கிடக்கும் டிஸ்க்கில் எழுதினால் இருப்பதும் போகலாம். பிரதி எடுத்த பிறகு, அந்தப் பிரதியின் மேல் ஓட்டுங்கள்.

சரி, டிரைவருக்கு வருவோம். விண்டோஸ் பழக்கத்தில் டிரைவர் என்றால் தனியாக இறக்கி நிறுவும் ஒரு பொருள் என்று தோன்றும். லினக்ஸில் ஹார்ட் டிஸ்க்குக்கு அப்படி இல்லை. உங்கள் மதர்போர்டில் இருக்கும் சாட்டா கன்ட்ரோலரோடு (டிஸ்க்கை இணைக்கும் சிப்) பேசுவது பெரும்பாலும் ஏஹெச்சிஐ என்ற மாட்யூல். அது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலோடு சேர்ந்தே வருகிறது. ஏஹெச்சிஐ என்பது இன்டெல் 2004இல் வெளியிட்ட பொதுவான ஒரு வரையறை. அதனால்தான் எந்த நிறுவனத்தின் போர்டாக இருந்தாலும் ஒரே டிரைவர் போதுமாக இருக்கிறது. டெர்மினலில் எல்எஸ்பிசிஐ கட்டளையோடு ஹைஃபன், கே சேர்த்து அடித்துப் பாருங்கள். சாட்டா கன்ட்ரோலருக்குக் கீழே ‘கெர்னல் டிரைவர் இன் யூஸ்: ஏஹெச்சிஐ’ என்று இருந்தால் டிரைவர் ஏறியிருக்கிறது, வேலை செய்கிறது என்று பொருள். அந்த மாட்யூல் ஃபைல் உண்மையிலேயே கெட்டிருந்தால் அது ஏறவே ஏறாது, டிஸ்க் கண்ணில் படவே படாது. மூன்று நாள் நன்றாக ஓடி, நான்காம் நாள் பெரிய ஃபைல் காப்பி செய்யும்போது மட்டும் கெட்டுப்போகும் டிரைவர் ஃபைல் என்று ஒன்று கிடையாது. இந்த ஒரு விஷயத்தை மட்டும் தயக்கமில்லாமல் சொல்வேன்: ஓஎஸ்ஸை அழித்துப் போட்டால் இந்தப் பிழை போகாது. போனதுபோல் தோன்றினால், புதிய ஓஎஸ் டிஸ்க்கின் வேறு இடத்தில் எழுதுகிறது என்பதுதான் காரணமாக இருக்கும்.

லாகில் வரும் வரிகள் டிரைவரின் புலம்பல் அல்ல, அது தரும் அறிக்கை. அதை முழுதாகப் படித்தால் பாதி வேலை முடிந்துவிடும். நீங்கள் அனுப்பிய வரியில் இருக்கும் ‘ரீட் எஃப்பிடிஎம்ஏ க்யூட்’ என்பது பிழையின் பெயரே அல்ல, ஒரு கட்டளையின் பெயர். என்சிக்யூ என்ற முறையில் டிஸ்க்குக்கு ஒரே நேரத்தில் 32 கட்டளைகள் வரை கொடுத்து வைக்கலாம், அது தனக்கு வசதியான வரிசையில் முடித்துத் தரும். அதில் படிக்கச் சொல்லும் கட்டளைக்குத்தான் இந்தப் பெயர். ஒன்று தோற்றால் வரிசையில் நின்ற மற்றவையும் சேர்ந்து ரத்தாகும். அதனால் லாகில் ஒரே நொடியில் இருபது முப்பது ‘ஃபெயில்ட் கமாண்ட்’ வரிசையாக வந்து பயமுறுத்தும். உண்மையில் தோற்றது ஒன்றாகவே இருக்கும். பார்க்க வேண்டியது அதற்குக் கீழே, ‘எரர்’ என்று தொடங்கி அடைப்புக்குள் இரண்டு மூன்று எழுத்துச் சொற்கள் வரும் வரி. அதை நீங்கள் அனுப்பவில்லை. கெர்னல் லாகைக் காட்டும் டிமெஸ்ஜ் கட்டளையில் பாருங்கள். ரீபூட் ஆகிவிட்டிருந்தால் ஜர்னல்சிடிஎல்-இல் முந்தைய பூட்டின் கெர்னல் லாகைக் கேளுங்கள்.

அந்த அடைப்புக்குள் ‘ஐசிஆர்சி’ என்று இருந்தால், டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவில் போன தரவு வழியில் சிதைந்திருக்கிறது. தட்டில் (டிஸ்க்குக்குள் தரவு பதியும் வட்டில்) எழுதப்பட்டிருப்பதற்கு இதில் பங்கில்லை. கேபிள், அதன் முனை, போர்டில் உள்ள போர்ட், சில சமயம் பவர் சப்ளை, இவற்றில் ஒன்று காரணம். ‘யுஎன்சி’ என்று இருந்தால் டிஸ்க்கே தன் தட்டில் இருக்கும் ஓர் இடத்தைப் படிக்க முடியவில்லை என்று ஒப்புக்கொள்கிறது. கேபிளை எத்தனை முறை மாற்றினாலும் அது மாறாது. இந்த இரண்டும் எனக்கு உறுதியான வகைகள். மூன்றாவது வகையில் ‘டைம்அவுட்’ என்று மட்டும் வரும். கேட்டேன், பதில் இல்லை என்பதுதான் அதன் பொருள். யார் மேல் தவறு என்று அந்த ஒரு சொல்லை வைத்துச் சொல்ல முடியாது.

நீங்கள் சொன்ன ‘அரை நிமிடம்’ என் கவனத்தை இழுத்தது. லினக்ஸில் ஒரு டிஸ்க் கட்டளைக்குப் பொதுவாகக் கொடுக்கப்படும் கெடு 30 விநாடி. அதற்குள் பதில் வரவில்லை என்றால்தான் கெர்னல் அந்தப் போர்ட்டை நிறுத்தி, ஹார்ட் ரீசெட் செய்து, மறுபடி கைகுலுக்கும். கேபிளில் தரவு சிதைந்தால் அந்தப் பிழை உடனே தெரிந்துவிடும். சாதாரணமாக இவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டி வராது. ஆக உங்களுடையது டைம்அவுட் வகையாக இருக்கலாம், அதற்குப் பின்னால் டிஸ்க் ஏதோ ஓர் இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க முயன்றுகொண்டிருக்கலாம். மேசைக் கணினிக்கான டிஸ்க்குகள் ஒரு மோசமான செக்டாரோடு (தட்டின் ஒரு சிறு பகுதி) 30 விநாடிக்கும் மேலாகப் போராடுவது உண்டு. டிஸ்க் இன்னும் முயன்றுகொண்டிருக்கும்போதே கெர்னல் பொறுமை இழந்து ரீசெட் செய்துவிடும். ஆனால் இது ஊகம்தான். லிங்க் ஒரு கணம் அறுந்து, கட்டளை தொலைந்துபோனாலும் இதே 30 விநாடி நிற்கும். அந்த ‘எரர்’ வரியைப் பார்க்காமல் இதற்கு மேல் போவது சரியில்லை.

டிஸ்க் ரீட் ஒன்லி ஆனதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதுவும் கோளாறு அல்ல. எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம் தன் ஜர்னலில் (மாற்றங்களை முதலில் குறித்துக்கொள்ளும் பகுதியில்) எழுத முடியாமல் போனால், இனி எழுதினால் இருப்பதும் குழம்பும் என்று தன்னைப் பூட்டிக்கொள்கிறது. உங்கள் படங்களைக் காப்பதற்காகச் செய்வது. அதை மறுபடி எழுதும்படி வலுக்கட்டாயமாக மவுன்ட் செய்து வேலையைத் தொடர்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன், அது நல்லபடியாக முடிந்து நான் பார்த்ததில்லை.

அடுத்து டிஸ்க்கிடமே கேளுங்கள். ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற பேக்கேஜை நிறுவினால், டிஸ்க் தன் உடல்நிலை பற்றித் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவுகளைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளை கிடைக்கும். அது காட்டும் நீண்ட அட்டவணையில் நான்கு எண்களை மட்டும் பாருங்கள். 5ஆம் எண்ணில் எத்தனை செக்டார்கள் கெட்டு மாற்று இடத்துக்கு நகர்த்தப்பட்டன என்று இருக்கும். 197 இப்போது படிக்க முடியாமல் காத்திருப்பில் உள்ளவை. 198 டிஸ்க் தானே சோதித்தபோது தேறாதவை. 199 வழியில் சிதைந்த தரவின் எண்ணிக்கை. கடைசி நெடுவரிசையில் உள்ள கச்சா எண் முக்கியம். 197 பூஜ்யம் இல்லை என்றால் டிஸ்க்கை மாற்றும் ஏற்பாட்டைத் தொடங்கிவிடுங்கள். 199 மட்டும் ஏறியிருந்தால் டிஸ்க் பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. சீகேட் டிஸ்க் என்றால் முதல் வரியில் கோடிக்கணக்கில் ஓர் எண் நிற்கும். அது மொத்தப் படிப்புகளையும் சேர்த்துக் கட்டிய எண், அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

மேலே பெரிதாக ‘பாஸ்டு’ என்று வருவதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். கூகுள் தன் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து 2007இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. செத்துப்போன டிஸ்க்குகளில் 56 சதவீதத்துக்கு மேல், முக்கியமான நான்கு ஸ்மார்ட் எண்களில் ஒன்றுகூட ஏறாமலேயே செத்திருந்தன. அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: முதல் ஸ்கேன் பிழை (டிஸ்க் பின்னணியில் தன்னைத் தானே சோதிக்கும்போது காணும் பிழை) வந்த டிஸ்க், அடுத்த 60 நாட்களில் சாகும் வாய்ப்பு, பிழை வராத டிஸ்க்கைவிட 39 மடங்கு அதிகம். அதாவது எண் ஏறினால் நம்புங்கள். ஏறாமல் இருப்பதை மட்டும் ஆரோக்கியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

199 பற்றி நான் அனுபவித்த ஒன்று. ஒரு கல்லூரி ஆய்வகத்தின் ஃபைல் சர்வர், வாரத்துக்கு இரண்டு முறை ரீட் ஒன்லி ஆகிக்கொண்டிருந்தது. அங்கேயும் டிரைவர்தான் காரணம் என்று முடிவு கட்டி, என்னைக் கூப்பிடும் முன் இரண்டு முறை ஓஎஸ்ஸை மாற்றிப் போட்டிருந்தார்கள். நான் போய் பக்கவாட்டு மூடியைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் காப்பி ஓட்டினேன். ஒரு பிழைகூட வரவில்லை. மூடியை மாட்டி ஓட்டியதும் 199 ஏற ஆரம்பித்தது. மறுபடி கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால், சிவப்பு சாட்டா கேபிள் டிஸ்க்கின் முனையில் இருந்து நேராக வெளியே நீண்டு, மூடி அழுத்தும் இடத்தில் கூர்மையாக மடிந்து வெளிறியிருந்தது. முனையில் பூட்டும் உலோக நாக்கும் இல்லை. கையால் லேசாக அசைத்தாலே ஆடியது. எல் வடிவத்தில் வளைந்த, நாக்குள்ள கேபிள் ஒன்றை மாட்டினோம். அதன் பிறகு அந்த எண் நகரவில்லை. இரண்டு முறை ஓஎஸ் போட்டதில் மாணவர்களின் ஒரு பருவ வேலை அழிந்துபோனதுதான் இன்றும் மனதில் உறுத்துகிறது. உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுவதற்கும் அதுதான் காரணம்.

199ஐப் பார்க்கும்போது, அந்த எண் குறையாது என்பதை நினைவில் வையுங்கள். கேபிளை மாற்றினாலும் பழைய எண் அப்படியே நிற்கும். இன்றைய எண்ணைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கணினியை அணைத்து, பிளக்கை உருவி, கேபிளை மாற்றி, போர்டில் வேறு போர்ட்டில் செருகி, பவர் முனையையும் வேறொன்றுக்கு மாற்றுங்கள். பழைய நான்கு முள் முனையில் இருந்து சாட்டாவுக்கு மாற்றும் ஒட்டு ஒயர் இருந்தால் எடுத்து எறியுங்கள், அவற்றில் வார்ப்பு வகை உருகிப்போவது உண்டு. பிறகு பெரிய காப்பி ஒன்றை ஓட்டி எண்ணை மறுபடி பாருங்கள். லாகில் ‘ஏடிஏ3’ என்று வருவது மூன்றாவது டிஸ்க் என்று நினைத்து வேறு டிஸ்க்கின் கேபிளைப் பிடுங்கிவிடாதீர்கள். அந்த எண்ணுக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களுக்கும் நேரடித் தொடர்பில்லை. சிஸ் ஃபோல்டருக்குள் பிளாக் என்ற இடத்தில் எந்த டிஸ்க் எந்த ஏடிஏ எண்ணின் கீழ் தொங்குகிறது என்று இணைப்பின் பாதையிலேயே தெரியும்.

டிரைவர் ஒருபோதும் குற்றவாளி ஆகாது என்று சொல்லவில்லை. உண்மையிலேயே அது காரணமாகும் இடங்கள் உண்டு, அறிகுறி வேறு மாதிரி இருக்கும். புதிய லேப்டாப்பில் உபுண்டு நிறுவப் போனால் டிஸ்க்கே காட்டாது. பயாஸில் டிஸ்க் கன்ட்ரோலர் இன்டெல் ஆர்எஸ்டி அல்லது ரெய்டு நிலையில் இருப்பதுதான் பெரும்பாலும் காரணம், ஏஹெச்சிஐக்கு மாற்றினால் தெரியும். (விண்டோஸும் கூட இருந்தால், மாற்றும் முன் அதை சேஃப் மோடில் ஏறும்படி அமைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அது நீலத் திரையில் நிற்கும்.) டிஸ்க்கை ஒரு கணினியில் இருந்து இன்னொன்றுக்கு மாற்றியதும் ‘யுயுஐடி டஸ் நாட் எக்சிஸ்ட்’ என்று சொல்லி இனிட்ராம்எஃப்எஸ் (பூட் ஆகும்போது முதலில் ஏறும் சிறு பொதி) ஷெல்லில் நின்றால், புதிய போர்டுக்கான மாட்யூல் அந்தத் தொடக்கப் பொதிக்குள் இல்லை என்று சந்தேகிக்கலாம், அதை மறுபடி கட்டினால் போதும். யுஎஸ்பி பெட்டியில் போட்ட டிஸ்க் சுமை ஏறினால் மட்டும் அறுந்துபோனால் யுஏஎஸ் என்ற வேகமான யுஎஸ்பி தரவுப் பரிமாற்ற முறையைச் சந்தேகியுங்கள். சில பெட்டிகளின் சிப் அதைச் சரியாகப் பேசுவதில்லை, பழைய யுஎஸ்பி ஸ்டோரேஜ் முறைக்கு இறக்கினால் அடங்கும். என்விஎம்இ டிஸ்க் சும்மா இருக்கும்போது காணாமல் போனால் மின்சேமிப்பு நிலைகளை முடக்கிப் பாருங்கள்.

ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு ஓஎஸ்ஸில் கதை கொஞ்சம் வேறு. அங்கே 2012இல் வந்த 9.0 பதிப்பில் சாட்டா டிஸ்க்குகள் கேம் என்ற அடுக்கின் கீழ் கொண்டுவரப்பட்டபோது, ‘ஏடி’ என்று இருந்த பெயர்கள் ‘ஏடிஏ’ ஆகி, எண்களும் மாறின. லினக்ஸிலும் ‘ஹெச்டிஏ’ இப்படித்தான் ‘எஸ்டிஏ’ ஆனது. பெயரை நம்பி எஃப்எஸ்டேப் (பூட் ஆகும்போது எந்த டிஸ்க்கை எங்கே மவுன்ட் செய்வது என்று சொல்லும் ஃபைல்) எழுதினால் என்றைக்காவது பூட் ஆகாது. லேபிளையோ யுயுஐடி என்ற தனி அடையாள எண்ணையோ எழுதுங்கள்.

கெர்னலே தவறு செய்ததும் உண்டு. 2018 அக்டோபரில் வந்த 4.19 கெர்னலில் சிலருக்கு ஃபைல்கள் சிதைய ஆரம்பித்தன. எக்ஸ்ட்4 மேல்தான் முதலில் பழி விழுந்தது. டிசம்பரில் தேடிப் பிடித்தபோது பிழை அதற்குக் கீழே, பிஎல்கே-எம்க்யூ என்ற பிளாக் அடுக்கில் இருந்தது. அதனால் கெர்னல் அப்டேட் ஆன அன்றே தொல்லை தொடங்கியிருந்தால் அதை அலட்சியம் செய்யக் கூடாது. சோதிப்பதும் சுலபம்: பூட் ஆகும்போது கிரப் மெனுவில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ போய்ப் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து இரண்டு நாள் ஓட்டுங்கள். பழையதில் பிழையே இல்லாமல், புதியதில் மட்டும் வந்தால் கெர்னலைச் சந்தேகிக்க உங்களிடம் ஆதாரம் இருக்கிறது. இரண்டிலும் வந்தால் டிரைவரை மறந்துவிடலாம். ஓஎஸ்ஸை அழிப்பதற்குப் பதில் கடைக்காரர் செய்திருக்க வேண்டிய சோதனை இதுதான்.

டைம்அவுட் வகையில் இன்னும் இரண்டு முயற்சிகள் பாக்கி. பூட் வரியில் ‘லிப்ஏடிஏ டாட் ஃபோர்ஸ்’ என்பதற்கு ‘நோஎன்சிக்யூ’ என்று மதிப்புக் கொடுத்தால் வரிசை முறை நின்று, ஒவ்வொரு கட்டளையாகப் போகும். இன்னொன்று, சாட்டா லிங்க்கின் மின்சேமிப்பை ‘மேக்ஸ் பெர்ஃபார்மன்ஸ்’ என்று மாற்றுவது. இதில் ஏதாவது ஒன்றில் பிழை நின்றுவிட்டால், தவறு டிரைவரிடமா, டிஸ்க்கின் ஃபர்ம்வேரிலா (டிஸ்க்குக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஃபர்ம்வேர் பக்கம்தான் என் கை சாயும். இப்படி என்சிக்யூவில் தடுமாறும் டிஸ்க் மாடல்களின் பட்டியல் ஒன்று கெர்னல் மூலநிரலுக்குள்ளேயே இருக்கிறது. தட்டில் சத்தம், கிளிக் கிளிக் என்று தலை மோதும் ஒலி கேட்டால் இவை எதையும் முயல வேண்டாம். கணினியை உடனே அணைத்துவிட்டு, தரவு மீட்பு செய்பவர்களிடம் கொண்டுபோங்கள். அது டெர்மினலில் தீரும் விஷயமல்ல, நானும் அங்கே கை வைக்க மாட்டேன்.

இப்போதைக்குக் காப்பி ஓடட்டும். முடிந்ததும் டிமெஸ்ஜ்-இல் ‘எக்ஸெப்ஷன்’ என்று தொடங்கும் வரியில் இருந்து ‘ஹார்ட் ரீசெட்டிங் லிங்க்’ வரை எதையும் வெட்டாமல் ஒரு தொகுதி, ஸ்மார்ட் அட்டவணையில் 5, 197, 198, 199 ஆகிய நான்கு எண்கள், தொல்லை தொடங்கிய தேதி, அந்த வாரத்தில் கெர்னல் அப்டேட் ஆனதா என்ற விவரம், இவ்வளவும் எழுதுங்கள். கேபிள் மாற்றுவதற்கு முன்னும் பின்னும் 199 என்ன என்று இருந்தால் இன்னும் நல்லது.